தேக்சாவில் மணல்

மண் ஏதாவது பட்டதா என்று அவர் என்னைக் கேட்டார். படவில்லை என்று சொன்னேன். பட்டிருந்தது. ஒரு மாதத்தில் பெரும்பகுதி அவருடைய பாத்திரத்துக்குள் இரண்டு மூட்டை ஆற்று மணல் கிடந்தது. அதைக் கொண்டுவந்து கொட்டியவன் நான். கேட்டவர் என்னை நம்பினார். அந்த நம்பிக்கையால் ஒரு மனிதரின் தொழில் நின்றது, இரண்டு வீடுகளுக்கு இடையே பேச்சு நின்றது, நான்கு வயதுக் குழந்தை ஒன்று உண்மையைச் சொன்னதற்காக அடக்கப்பட்டது. இவ்வளவையும் செய்துவிட்டு, என் வாழ்க்கையிலேயே நான் மிக அதிகமாகச் சிரித்த மாதம் எது என்று கேட்டால் அந்த மாதத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. செஞ்சியில் ஒரு வாடகை வீட்டில், மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு ஒரு சின்னப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு அறை, பின்னால் ஒரு முற்றம். முற்றத்தில் நின்று நிமிர்ந்தால் கோட்டை மலை. நான் முதுகலை படித்தவன். சென்னையில் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் பயிற்சியும் முடித்திருந்தேன். அந்தப் பயிற்சியில் ஒரு நாள், பெரிய தொட்டியில் கோதுமையைக் கொட்டி, அதற்குள் மரக்கட்டைகளையும் மணிகளையும் புதைத்து வைத்து, பிள்ளைகளைக் கைவிட்டுத் துழாவச் சொன்னார்கள். ஓயாமல் அழுகிற குழந்தைகூட முழங்கை வரை கையை விட்டதும் வாயை மூடிக்கொண்டது. அதை என்னால் மறக்க முடியவில்லை. செஞ்சியிலும் அப்படி ஒரு தொட்டி வைக்க வேண்டும், அதில் கடையில் வாங்கிய பொம்மை எதுவும் இருக்கக் கூடாது, அப்பா அம்மா சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கையில் வைத்து விளையாடியவை மட்டும் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். 'அந்தக்காலத் தொட்டி' என்று பெயரும் வைத்துவிட்டேன். தொட்டிதான் இல்லை.

வீட்டுக்கு ஒரு பழைய பொருள் கொடுத்தனுப்பச் சொன்னேன். ஓட்டைக் காலணா வந்தது. ஆணி தேய்ந்த பம்பரம், பித்தளைத் தாயக்கட்டை, கன்றுக்குட்டியின் கழுத்து மணி, ஒரு கை நீளச் சாவி, கிட்டிப்புள், கோலிகள், சோழிகள் எல்லாம் வந்தன. ஒரு வீட்டிலிருந்து செருப்பு வந்தது, அதுவும் ஒற்றைச் செருப்பு. எனக்கு உதவியாக, சிங்கவரத்திலிருந்து காலை பஸ்ஸில் வரும் ஒரு பெண் இருந்தார். முப்பது வயதிருக்கும். வாய் ஓயாது, கையும் ஓயாது. பிள்ளைகள் விழுங்கக்கூடியது எது, மூக்கில் நுழைக்கக்கூடியது எது என்று அவர்தான் பார்த்துப் பிரித்தார். சோழியும் கோலியும் காலணாவும் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போயின. புளியங்கொட்டைகளை மட்டும் இருக்கட்டும் என்று நான் வாதாடினேன். முதல் நாளே ஒரு பையன் இரண்டு மூக்குத் துளையிலும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட்டபடி சந்தோஷமாக உட்கார்ந்திருந்தான். அவனைத் தும்மவைக்க மிளகாய் வற்றல் தேவைப்பட்டது. கொட்டைகளும் போயின.

நிரப்புவதற்கு முதலில் அரிசிதான் நினைத்தேன். உதவிக்கு இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரேஷன் அரிசிய அள்ளி எறைக்கச் சொல்லிக் குடுத்தீங்கன்னா, தாய்மாருங்க வெளக்குமாத்தோட வருவாங்க சார். நான் இன்னைக்கே ஊருக்குப் போயிட்றேன்."

அவர் சொன்ன வழியில்தான் மல்லாட்டைத் தோலுக்குப் போனோம். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு அதுதான் பெயர். கடலை உடைக்கிற மில்லில் தோல் மலைபோலக் கிடக்கும், சாக்கில் அள்ளிக்கொண்டு போனால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். அள்ளி வந்தோம். போடத்தான் இடமில்லை. மரப்பெட்டியில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. சிமெண்டுத் தொட்டிக்குள் இறங்கிய முதல் பிள்ளை அதை வேறு எதற்கோ என்று நினைத்துவிட்டது.

அப்போதுதான் பாயின் தேக்சா ஞாபகம் வந்தது.

பாய் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தவர், கல்யாணச் சமையல்காரர். செஞ்சியிலும் சுற்றுவட்டத்திலும் அவர் பிரியாணி ஆக்கினால்தான் கல்யாணம் நடந்தமாதிரி. தேக்சா என்பது அவர் பிரியாணி ஆக்கும் செப்புப் பாத்திரம். இரண்டு ஆள் தூக்க வேண்டும். அகலமான வாய், குழந்தை உட்கார்ந்தால் தலை மட்டும் தெரியும் ஆழம். வெளியே செம்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று ஈயப்பூச்சு. செம்பில் நேரடியாகத் தயிரும் தக்காளியும் பட்டால் சோறு கைத்து, பச்சை நிறமாகிவிடும். வயிற்றையும் கெடுக்கும். ஆகையால் ஈயம் இல்லாமல் தேக்சா இல்லை. அவருடைய மகள் என் வகுப்பில் இருந்தாள். நான்கு வயது. எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாள்.

அது மொகரம் மாதம், அந்த மாதத்தில் அவர்கள் வீடுகளில் கல்யாணம் வைப்பதில்லை. தேக்சா சும்மா கிடந்தது. விஷயத்தைச் சொன்னேன். பாய் தன் மனைவியைக் கூப்பிட்டு, சார் நம்ம தேக்சாவில் மல்லாட்டைத் தோலைக் கொட்டிப் பிள்ளைகளை வேகவைக்கப் போகிறார் என்று சொல்லிச் சிரித்தார். வாடகை பேச வாயெடுத்தபோது கையை உதறினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொன்னார்.

"தோலு போட்டுக்கோங்க, பஞ்சு போட்டுக்கோங்க. மண்ணு மட்டும் உள்ள வேணாம் சார். ஈயம் இப்பத்தான் மச்சான் பூசிக் குடுத்தான். வாரம் ரெண்டு ஆவல."

மச்சான் என்றது அவர் மனைவியின் தம்பியை. கடைவீதியின் கோடியில் துருத்தி வைத்து ஈயம் பூசுகிறவர். மாமனும் மச்சானும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். நான் சரி என்றேன். மண் போடமாட்டேன் என்று வாய்விட்டே சொன்னேன்.

தேக்சா வந்த அன்று பள்ளி கலகலத்தது. தோலுக்குள் கையை விட்டால் நொறுநொறுவென்று சத்தம். மணியை எடுத்துப் போட்டால் செம்பு முழுவதும் டங்கென்று அதிரும். அந்த டங்குக்காகவே சாவியை எடுத்து எடுத்துப் போட்டார்கள். பாயின் மகள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, இது எங்க தேக்சா, சலாம் சொல்லிட்டு உள்ள வா என்று வசூல் செய்தாள். சலாம் சொல்லத் தெரியாதவர்கள் வணக்கம் போட்டார்கள். ஒருவன் சல்யூட் அடித்தான். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள்.

நான் எதிர்பார்க்காதது பெரியவர்கள். பிள்ளையைக் கூப்பிட வந்த தகப்பன்மார் தேக்சாவை எட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் குனிந்தார்கள். குனிந்தவர்கள் சட்டைக் கையை மடக்கினார்கள். ஒரு பஸ் கண்டக்டர், பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தோலைக் கிளறிப் பம்பரத்தைக் கண்டுபிடித்து, அரைஞாண் கயிறு கிடைக்குமா என்று தன் மகனின் இடுப்பைப் பார்த்தார். கயிறு கிடைத்தது. பம்பரத்தைச் சுழலவிட்டு உள்ளங்கையில் ஏற்றினார். தெருமுனையில் அவருடைய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அனந்தபுரம் போக வேண்டிய ஜனங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். அவர் கை கூசுகிறது என்று சொல்லிச் சிறுவனைப்போல நெளிந்தார். தாலுகா ஆபீசில் யாரையும் உட்காரச் சொல்லாத ஒரு குமாஸ்தா, கிட்டிப்புள்ளுக்காக மில் எடைக்காரரோடு வாய்ச்சண்டை போட்டார். கோட்டைத் தாண்டினால் அவுட் என்கிறார் ஒருவர், எங்கள் தெருவில் அப்படிக் கிடையாது என்கிறார் இன்னொருவர். இருவருக்கும் தொந்தி. யாருக்காகத் தொட்டி வைத்தோமோ அந்தப் பிள்ளைகள் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

உதவிக்கு இருந்த பெண் கடைசியில் பிரம்பை எடுத்தார். "பெரியவங்கல்லாம் அஞ்சு மணிக்கு மேல வாங்க. பசங்க பாவம்" என்று தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவை முற்றத்துக்கு வெளியே ஓட்டினார். அவர் கையில் கிட்டிப்புள் இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டார்.

இந்தப் புகழ் என் தலைக்கு ஏறிவிட்டது. கண்டக்டர் ஒரு நாள், இதெல்லாம் தோலுக்குள்ளேயா சார் எங்களுக்குக் கிடைத்தது, ஆற்று மணலைத் தோண்டித் தோண்டி எடுத்தது அல்லவா என்றார். மில் எடைக்காரரும் ஆமாம் போட்டார். தோலும் ஒரு தொல்லையாகத்தான் இருந்தது. காற்றடித்தால் பறந்தது, தலைமுடியில் ஒட்டியது, சில பிள்ளைகளுக்கு உடம்பு அரித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்காரரிடம் சொல்லி ஆற்றிலிருந்து இரண்டு மூட்டை மணல் எடுத்துவந்தேன். பாய் சொன்னது எனக்கு மறக்கவில்லை. உள்ளே கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் மணலைக் கொட்டினால் ஈயத்தில் படாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். திங்கட்கிழமை பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் சாக்கை உருவி எடுத்து, அதைப் போர்த்திக்கொண்டு கரடி விளையாடினார்கள். நான் அதைப் பார்த்தேன். திரும்ப விரிக்கவில்லை.

மணல் வந்த பிறகு நடந்த கூத்தை எப்படிச் சொல்வது. தண்ணீர் தெளித்து, எங்கள் கோட்டை மலைகளைப்போலவே ராஜகிரி கட்டினார்கள், கிருஷ்ணகிரி கட்டினார்கள், நடுவில் அடிஸ்கேலைப் பாலமாகப் போட்டார்கள். ஒற்றைச் செருப்பு ராஜாவாகி மலைமேல் உட்கார்ந்தது. பாயின் மகள் கொட்டாங்குச்சியில் மணலை அள்ளி எல்லோருக்கும் பிரியாணி போட்டாள். இன்னும் கொஞ்சம் சாப்டு, கறி வச்சிருக்கேன் என்று ஒருவரையும் விடமாட்டாள். கொட்டாங்குச்சியும் சாவியும் பம்பரத்து ஆணியும் தேக்சாவின் அடிவரை போய்ச் சுரண்டும். அந்தச் சத்தம் பல்லைக் கூசவைக்கும், அதற்கும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோண்டியவர்களில் நானும் ஒருவன்.

மாதம் முடிந்தது. அனந்தபுரத்தில் ஒரு கல்யாணம் வருகிறது, முதல்நாள் தேக்சா வேண்டும் என்று பாய் சொல்லியனுப்பினார். மணலை அள்ளிக் கொட்டிவிட்டு உள்ளே தண்ணீர் ஊற்றினோம். வெள்ளையாக இருந்த இடமெல்லாம் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது. அடிப்பகுதியில் ஈயமே இல்லை.

"சொல்லிடுங்க சார்" என்றார் உதவிக்கு இருந்த பெண்.

சொல்கிறேன் என்றேன். வெளிப்பக்கத்தைப் புளிபோட்டு நானே தேய்த்தேன். பளபளத்தது. வண்டியில் கவிழ்த்து ஏற்றி, பாய் சந்தைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, அவர் வீட்டு வாசலிலும் கவிழ்த்தே இறக்கிவிட்டு வந்தேன்.

அனந்தபுரத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை, பிறகு கேட்டதுதான். விடியற்காலையில் அடுப்பின்மேல் தேக்சாவை நிமிர்த்தி வைத்தபோதுதான் பாய் உள்ளே பார்த்திருக்கிறார். அதில் ஆக்க முடியாது. வீடு வீடாகப் போய் அலுமினியப் பாத்திரங்களைக் கேட்டு வாங்கி, துண்டு துண்டாக ஆக்கியிருக்கிறார். ஒன்று குழைந்தது, ஒன்று அடிபிடித்தது, ஒன்றுக்கு உப்பு இரண்டு முறை விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் பசியோடு காத்திருந்து, சாப்பிட உட்கார்ந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஓட்டைப் பாத்திரத்தோடு சமைக்க வந்தவர் என்று பந்தியில் சத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை பாய் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். கோபமாக வரவில்லை. தூங்காத முகம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. தேக்சாவுல மண்ணு எதுனா பட்டுதா?"

தொண்டையைச் செருமிக்கொண்டேன். "படல பாய்" என்றேன்.

"மண்ணு போட்டாங்க அத்தா. நெறைய" என்றாள் மகள்.

"சாரு சொல்றாரு இல்ல. நீ சும்மாரு" என்று அவர் அவள் தோளைத் தட்டினார். அவள் என்னைப் பார்த்தாள். வழக்கம்போல உற்றுப் பார்த்தாள். நான் கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அங்கிருந்து அவர் நேராக மச்சானின் பட்டறைக்குப் போனார். பூசி இரண்டு மாதத்துக்குள் உரிகிற ஈயம் என்ன ஈயம் என்று கேட்டார். மச்சான் சத்தியம் செய்தார். பாய் நம்பவில்லை, ஏனென்றால் படித்த மனிதர் ஒருவர் மண் படவில்லை என்று சொல்லிவிட்டார். சுற்றி நின்றவர்களில் யாரோ, வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலந்திருப்பான் என்றார்கள். விலை குறைவு, ஆனால் விஷம். அந்த ஒரு பேச்சு போதுமாயிருந்தது. ஓட்டல்காரர்கள் கொடுத்திருந்த பாத்திரங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வீட்டுப் பெண்கள் அண்டாவைத் திண்டிவனத்துக்கு அனுப்பினார்கள். பாயின் மனைவி தம்பி வீட்டுக்குப் போவதை நிறுத்தினார். கடைவீதியில் நான் போகும்போது அந்தத் துருத்தி அடிக்கும் சத்தம் கேட்கவில்லை. இரண்டு வாரம் அந்த வழியை விட்டுச் சுற்றிப் போனேன்.

பள்ளியில், தேக்சாவிலிருந்து அள்ளிய மணல் முற்றத்து மூலையில் கிடந்தது. பழைய பொருள்களை அதிலேயே புதைத்து விளையாடினார்கள். ஒரு நாள் சிரிப்பு அளவுக்கு மீறிக் கேட்டது. போய்ப் பார்த்தேன். புதிதாக ஒரு விளையாட்டு. பாயின் மகள் இரண்டு கையையும் முழங்கை வரை ஈர மணலில் அமுக்கி எடுத்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறாள். எதிரே நிற்கிற பையன் கேட்கிறான்.

"சார், மண்ணு எதுனா பட்டுதா?"

அவள் தொண்டையைச் செருமுகிறாள். அச்சாக என்னைப்போல. "படல பாய்" என்று சொல்லிக் கையை நீட்டுகிறாள். மணல் பொலபொலவென்று கொட்டுகிறது. மொத்தக் கூட்டமும் தரையில் விழுந்து புரள்கிறது. பிறகு அடுத்தவன் முறை. மூன்று வயது வாண்டு ஒன்று முகத்தையே மணலில் தேய்த்துக்கொண்டு வந்து, கண்ணைக்கூடத் திறக்க முடியாமல், படல பாய் என்றது. செருமல் எல்லோருக்கும் நன்றாக வந்தது.

உதவிக்கு இருந்த பெண் கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். "நல்லா நடிக்குதுங்க இல்ல சார்" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. சிரித்துக்கொண்டே அறைக்குள் போய் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலமே பாய் வீட்டுக்குப் போனேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மணல், சாக்கு, கவிழ்த்து வைத்தது, பொய். அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"எம் பொண்ணு சொல்லுச்சி சார்" என்றார். "நான்தான் அது வாயை மூடினேன்."

மகளைக் கூப்பிட்டு முன்னால் உட்காரவைத்து, நீ சொன்னதுதாம்மா சரி, அத்தாதான் தப்பு என்றார். அவளுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டு ஒரு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகு அவர் என்னை மச்சானிடம் அழைத்துப் போனார். அவர் பட்டறையில் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. நான் திரும்பவும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மாமனைப் பார்க்காமல் என்னை மட்டும் பார்த்தார்.

"காரீயம்னு சொன்னாங்க வாத்தியாரே. செத்துப்போன எங்க அத்தாவையும் சேத்து சொன்னாங்க. நீ இங்க வந்து இருட்டுல சொன்னா ஆச்சா?"

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்ததுபோலச் சொன்னார். ஒன்று, அனந்தபுரத்துக் கல்யாண வீட்டில் போய் நான் சொல்ல வேண்டும். இரண்டு, சந்தை நாளில் என் பள்ளி வாசலில் வைத்து அந்தத் தேக்சாவுக்கு அவர் ஈயம் பூசுவார். உள்ளே இறங்கி மிதிப்பது வாத்தியார்.

மிதிப்பது என்றால் என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது.

அனந்தபுரத்துக்குப் பாயோடு போனேன். கல்யாண வீட்டுக்காரர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஆனது ஆகிவிட்டது, மாப்பிள்ளை வீட்டில் பேசிய பேச்சை யார் திரும்பப் பெறுவது என்றார். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நம் கண்டக்டர். விஷயம் தெரிந்ததும் மணல் யோசனை தன்னுடையது என்று முகம் சுருங்கிப் போனார். வாக்குக் கொடுத்தவன் நான் என்று சொன்னேன்.

சந்தை நாள் வந்தது. பள்ளி வாசலில் குழிவெட்டி அடுப்பு, பக்கத்தில் துருத்தி. கூட்டம் கூடிவிட்டது. தேக்சாவை நிமிர்த்தி எல்லோருக்கும் காட்டச் சொன்னார்கள், காட்டினேன். மணல் போட்டது நான், இல்லை என்று பொய் சொன்னதும் நான், ஈயத்தில் குற்றம் இல்லை என்று உரக்கச் சொன்னேன். அடுத்து, மச்சான் உள்ளே ஈர மணலைக் கொட்டினார்.

மணலைப் பார்த்து நான் விழித்தேன். பழைய ஈயத்தையும் அழுக்கையும் முழுதாக எடுக்காமல் புதிதாகப் பூச முடியாதாம். அதை எடுப்பது மணல்தானாம். வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கினேன். காலுக்கடியில் கோணிச்சாக்கு. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முறுக்கி முறுக்கிச் சுழல வேண்டும். சுழன்றேன். முதுகலை படித்த மனிதன், மூக்குக்கண்ணாடியோடு, தேக்சாவுக்குள் நின்று இடுப்பை ஆட்டினேன்.

"இன்னும் நல்லா ஆட்டு வாத்தியாரே. அடில போவல" என்றார் மச்சான்.

பிள்ளைகளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. வாசல் முழுவதும் நின்று எல்லோரும் இடுப்பை ஆட்டினார்கள். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எனக்கே அடக்க முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கால் வழுக்கியது, வழுக்க வழுக்கப் பாத்திரம் தேய்ந்தது. கால் பெருவிரல் நகம் ஒன்று போய்விட்டது, வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தேன்.

பூசுவதற்கு முன்னால் மச்சான் ஈயக் குச்சியைக் கையில் எடுத்தார். சுத்தமான வெள்ளீயத்தை வளைத்தால் உள்ளிருந்து கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், காரீயத்தில் வராது என்றார். முதலில் அக்காள் மகளைக் கூப்பிட்டு அவள் காதருகே வளைத்தார். அவள் இரண்டாம் முறையும் வளைக்கச் சொன்னாள். வளைத்தார்.

"கத்துது" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி.

பிள்ளைகள் வரிசையில் வந்து கேட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரியவர்கள் நின்றார்கள். பாத்திரத்தைத் திருப்பி வாங்கிய ஓட்டல்காரரும் குனிந்து காதைக் கொடுத்தார். இந்த முறை உதவிக்கு இருந்த பெண் யாரையும் விரட்டவில்லை. துருத்தி அடிக்க ஆள் வேண்டியிருந்தது. மச்சான் யாரையும் பார்க்காமல், சும்மா நிக்கிறவங்க அடிக்கலாம் என்றார். பாய் போய் உட்கார்ந்து அடித்தார். தேக்சா சூடேறியதும், ஈயம் ஒட்டுவதற்காக மச்சான் நவச்சாரப் பொடியைத் தூவினார், வெள்ளைப் புகை எழுந்தது. ஈயத்தைத் தேய்த்துப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றினார். சிவப்பு இருந்த இடத்தில் சட்டென்று வெள்ளை ஓடியது. கூட்டம் ஓவென்றது. மாமனும் மச்சானும் அன்று சமாதானம் என்று ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் சேர்ந்து டீ குடிக்கப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை.

மச்சானுக்குப் பாத்திரங்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. எல்லாம் வரவில்லை. திண்டிவனத்துக்குப் பழகிய சிலர் அங்கேயே போனார்கள். அனந்தபுரத்துக்காரர்கள் அதற்குப் பிறகு பாயைச் சமையலுக்கு அழைக்கவேயில்லை. அதைச் சரிசெய்ய என்னால் முடியவில்லை. இரண்டு வீட்டார் பிள்ளைகளை என் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டார்கள். நியாயம்தான் என்று அவர்களிடமே சொன்னேன். அடுத்த வருடம் கல்யாணம் இல்லாத மாதத்தில் பாய் ஒரு பழைய அலுமினிய அண்டாவை, அடியில் ஓட்டையோடு, தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தார். இதில் கல்லைக்கூடக் கொட்டுங்கள், என்னைக் கேட்க வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போனார்.

அவர் மகள் பள்ளியில் இருந்தாள். ஆனால் ஒரு பழக்கம் வந்துவிட்டது. நான் எதைச் சொன்னாலும் என்னை உற்றுப் பார்த்து, நெசமா சார் என்று கேட்பாள். காக்கா கறுப்பு என்றாலும் கேட்பாள். நாளைக்கு லீவு என்றாலும் கேட்பாள். நெசம் என்று நான் சொன்ன பிறகுதான் தலையாட்டுவாள். சில நாளில் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஒரு காலை முற்றத்தில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, அதோ அந்த மலைமேல் ஒரு ராஜா இருந்தார், அவருடைய நெல்லைக் கொட்டிவைக்க இந்த வீட்டைவிடப் பெரிய களஞ்சியம் கட்டியிருந்தார் என்று தொடங்கினேன். மொத்த வகுப்பும், மூக்கு ஒழுகுகிற கடைசி வாண்டு வரை, ஒரே குரலில் கேட்டது.

"நெசமா சார்?"

களஞ்சியம் நெசம், நானே உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன் என்றேன். ராஜாவைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லித்தான் தெரியும், நான் பார்த்ததில்லை என்றேன். பாயின் மகள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினாள். மேலே சொல்லுங்க என்றாள்.